இஎஸ்டி-யுஎஸ்பி ஆகிப்போன ஹார்டு டிஸ்க்: எது திரும்பும், எது திரும்பாது

விண்டோஸ் நிறுவ பென்டிரைவ் தயார் செய்யும்போது, மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் காட்டும் பட்டியலில் பென்டிரைவை விட்டுவிட்டு வெளிப்புற ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிற விபத்து. 1 டிபி டிஸ்க் 32 ஜிபி ஆகிவிடும். அதன் பெயர் இஎஸ்டி-யுஎஸ்பி என்று மாறியிருக்கும், உள்ளே விண்டோஸ் செட்அப் ஃபைல்கள் இருக்கும். மீதி 900 ஜிபியை டிஸ்க் மேனேஜ்மென்ட் கறுப்புப் பட்டை போட்டு ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று காட்டும்.

தவறுதலாக ஃபார்மட் ஆன டிஸ்குகளில் இதுதான் கொஞ்சம் சிக்கலான வகை. ரைட் கிளிக் செய்து குயிக் ஃபார்மட் கொடுத்துவிட்ட டிஸ்க் இதைவிட எளிது. இதைப் புரிந்துகொண்டால் அதற்கும் வழி தெரிந்துவிடும்.

முதல் வேலை கேபிளைக் கழற்றுவது. ‘உள்ளே எதாவது மிச்சம் இருக்கிறதா பார்ப்போம்’ என்று திரும்பத் திரும்பச் செருகாதீர்கள். விண்டோஸில் செருகும் ஒவ்வொரு தடவையும் அது சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டரில் எதையாவது எழுதும். மேக் என்றால் ஸ்பாட்லைட் தன் அட்டவணையை எழுதும். கறுப்புப் பட்டையில் புதிதாகப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த தனிப் பகுதி) உண்டாக்குவது, விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது, ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்டால் சரி என்பது, எதையும் செய்யக்கூடாது. செக்டிஸ்க் ஃபைலைக் காப்பாற்றுவதற்கான கருவி இல்லை. ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் எங்கே என்று பதிவு வைக்கும் முறை) முரணில்லாமல் இருந்தால் போதும் என்பதே அதன் கணக்கு. அந்த ஒழுங்குக்காக உங்கள் ஃபைல்களின் பதிவுகளை அது தயங்காமல் வெட்டிவிடும்.

ஃபார்மட் உண்மையில் எவ்வளவு எழுதுகிறது

ஃபார்மட் சில நொடிகளில் முடிந்ததா, மணிக்கணக்கில் ஓடியதா? பாதி பதில் இதிலேயே இருக்கிறது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது பார்ட்டிஷன் முழுவதும் பூஜ்யம் எழுதுவது. எக்ஸ்பி காலத்தில் அது கெட்ட செக்டர் (செக்டர் என்பது டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) இருக்கிறதா என்று படித்துப் பார்த்ததோடு சரி. ஆகவே இன்றைய விண்டோஸில் முழு ஃபார்மட் முடிந்த டிஸ்க்கில் தேட எதுவும் இல்லை. பாதியில் நிறுத்தியிருந்தால், அதுவரை ஓடிய பகுதி மட்டும் போயிருக்கும்.

குயிக் ஃபார்மட் வேறு கதை. விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் வகை 1 டிபி டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். அதில் 1,953,525,168 செக்டர்கள், ஒவ்வொன்றும் 512 பைட். சில செக்டர்கள் சேர்ந்த தொகுதி கிளஸ்டர்; ஒன்றுக்கு 4 கேபி வீதம் ஏறத்தாழ 24.4 கோடி கிளஸ்டர்கள். எந்தக் கிளஸ்டர் நிரம்பியது, எது காலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் குறிக்கும் பிட்மேப்புக்கு 30 எம்பி போதும். ஃபைல் சிஸ்டத்தின் லாக் அதிகபட்சம் 64 எம்பி. இவற்றோடு பூட் செக்டர், எம்எஃப்டி எனப்படும் முதன்மை ஃபைல் அட்டவணையின் முதல் சில பதிவுகள், இன்னும் சில சில்லறைகள். எல்லாம் சேர்த்தாலும் 100 எம்பி சுற்றுவட்டாரத்தில் முடிந்துவிடும். நிலம் அப்படியே இருக்கிறது, சிட்டா அடங்கல்தான் எரிந்திருக்கிறது. அதுவும் முழுதாக எரியவில்லை: எம்எஃப்டியில் ஃபைலுக்கு ஒரு பதிவு, பதிவுக்கு 1 கேபி. புதிய ஃபார்மட் மேலெழுதுவது தொடக்கப் பதிவுகளை மட்டும். பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான பழைய பதிவுகள் பெயர், தேதி, அளவு, எந்தக் கிளஸ்டரில் இருக்கிறது என்ற முகவரி உட்பட அப்படியே கிடக்கும். அதனால்தான் என்டிஎஃப்எஸ் மீது மறுபடி என்டிஎஃப்எஸ் குயிக் ஃபார்மட் செய்த டிஸ்க்கை உடனே நிறுத்திவிட்டால், ஃபோல்டர் அமைப்போடு ஏறக்குறைய எல்லாமே திரும்பும்.

இஎஸ்டி-யுஎஸ்பி விஷயத்தில் எங்கே இடிக்கிறது? விண்டோஸ் என்டிஎஃப்எஸ் ஃபார்மட் செய்யும்போது எம்எஃப்டியை வழக்கமாக 786432 ஆவது கிளஸ்டரில் தொடங்கும். 4 கேபியால் பெருக்கினால் சரியாக 3 ஜிபி. மீடியா கிரியேஷன் டூல் செய்வது, டிஸ்க்கின் தலைப்பகுதியில் 32 ஜிபிக்கு ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தைப் போட்டு, அதில் தொடக்கத்திலிருந்து வரிசையாக ஏறத்தாழ 5 ஜிபி செட்அப் ஃபைல்களைக் கொட்டுவது. 3 ஜிபி என்ற இடம் அந்த 5 ஜிபிக்குள் மாட்டிக்கொள்கிறது. 1 லட்சம் ஃபைல் இருந்த டிஸ்க்கின் எம்எஃப்டி மொத்தமே 100 எம்பிதான். முழுதாக அடியில் போய்விடும்.

விசித்திரம் என்னவென்றால், டிஸ்க்கின் உள்ளடக்கத்தில் நேரடியாக அழிந்தது அரை சதவீதம்தான். ஆனால் அந்த அரை சதவீதத்துக்குள் எல்லா ஃபைல்களின் முகவரியும் இருந்தது. ‘99 சதவீதம் பத்திரமாக இருக்கிறதே, ஏன் ஃபோல்டர் பெயர் வரவில்லை’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

இதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பார்ட்டிஷன் வழக்கம்போல 2048 ஆவது செக்டரில் தொடங்கியிருந்தால், எம்எஃப்டியின் முதல் பதிவு 786432 × 8 + 2048 = 6,293,504 ஆவது செக்டரில் இருக்கவேண்டும். ஹெக்ஸ் பார்வையில் (டிஸ்க்கின் பைட்டுகளை அப்படியே காட்டும் பார்வை) அந்த செக்டருக்குப் போனால் முதல் நான்கு பைட்டும் எஃப், ஐ, எல், இ என்ற எழுத்துகளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பெயரோடு மீட்கும் வாய்ப்பு அதிகம். வேறு ஏதோ கிடந்தால் பெயர் இல்லாத மீட்புக்கு மனதைத் தயார் செய்துகொள்ளலாம். டூல் செட்அப் ஃபைல்களை எழுதிக்கொண்டிருக்கும்போதே பதறிப்போய் கேபிளைப் பிடுங்கிய டிஸ்குகளில் எழுத்து 3 ஜிபியை எட்டாமலே நின்றிருக்க வாய்ப்புண்டு. அதனால் பார்க்காமல் முடிவு கட்டவேண்டாம்.

டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இருந்திருந்தால், ஆச்சரியமாக, நிலைமை பல நேரம் இதைவிட மேல். எக்ஸ்ஃபேட்டில் ஒரே மைய அட்டவணை கிடையாது. ஒவ்வொரு ஃபோல்டரின் பட்டியலும் டிஸ்க்கில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். தொடக்கத்தில் இருக்கும் ஃபேட் அட்டவணையும் (ஃபைலின் துண்டுகளைச் சங்கிலியாகக் கோக்கும் பட்டியல்) மூல ஃபோல்டரும் போகும். உள் ஃபோல்டர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் தப்பும். ஃபைல் தொடர்ச்சியாகச் சேமிக்கப்பட்டிருந்தால், ‘சங்கிலி தேவையில்லை’ என்ற குறி அதன் பதிவிலேயே இருக்கும். தொடக்கக் கிளஸ்டரும் நீளமும் தெரிந்தால் முழு ஃபைலும் பெயரோடு வந்துவிடும். ஃபேட்32இல் இந்தக் குறி கிடையாது. அங்கே துண்டு துண்டாக இருந்த ஃபைல்கள் கெட்டுப்போய் வரும்.

லினக்ஸில் அதன் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 போட்டு ஃபார்மட் செய்துவிட்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புது ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்யவே (பயன்பாட்டுக்குத் திறக்கவே) செய்யாதீர்கள். ஃபார்மட் நேரத்தில் ஐநோடு (ஃபைலின் விவரமும் முகவரியும் உள்ள பதிவு) அட்டவணைகளை முழுக்கத் துடைக்காமல், முதல் மவுண்டுக்குப் பிறகு பின்னணியில் சாவகாசமாகத் துடைப்பது கர்னலின் வழக்கம். மவுண்ட் செய்துவிட்டு நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பழைய ஐநோடுகள் பூஜ்யமாகிக்கொண்டிருக்கும்.

டிரிம் என்ற தடை

எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் இங்கேயே கதை முடிந்துவிடும். ஃபார்மட் செய்யும்போதே ‘இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை’ என்று விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்பும். அதன்பின் அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் பூஜ்யத்தையே திருப்பித் தரும். எந்த மென்பொருளும் அதைத் தாண்டிப் போகமுடியாது.

சுழலும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க்குக்கு இந்தப் பயமில்லை என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்குகளில் சில டிரிமை ஏற்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்எம்ஆர் மாடல்கள் பலவும் அப்படித்தான். 2020இல் ரெட் வரிசையின் 2 டிபி முதல் 6 டிபி வரையான மாடல்களில் எஸ்எம்ஆர் இருக்கிறது என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. சிறிய 2.5 அங்குல வெளிப்புற டிஸ்குகளில் எஸ்எம்ஆர் இன்று சாதாரணம். ஆகவே லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தேடி, எஸ்எம்ஆரா, டிரிம் உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

டிரிம் ஆன டிஸ்க்கைக் கண்டுபிடிப்பது எளிது. நிரம்பியிருந்த டிஸ்க்கில் 200, 500, 800 ஜிபி தூரங்களில் ஹெக்ஸ் பார்வையில் பாருங்கள். எங்கு பார்த்தாலும் பூஜ்யம் என்றால் டிரிம் வேலை செய்திருக்கிறது. இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுக்கும் வேகம் வழக்கத்துக்கு மாறாக ஒரே சீராக, டிஸ்க்கின் இயல்புக்கு மீறி ஓடுவதும் ஓர் அறிகுறி. தட்டைத் தொடாமலே அது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையிலும் எஸ்எம்ஆர் டிஸ்க்கில் எஸ்எஸ்டியைவிட நம்பிக்கை கொஞ்சம் அதிகம்: தட்டில் தரவு இன்னும் இருக்கலாம், தொலைந்தது டிஸ்க்குக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பு அட்டவணைதான். பிசி-3000 போன்ற கருவி வைத்திருக்கும் லேபுகள் சில மாடல்களில் அந்த அட்டவணையைத் தாண்டிப் படிக்கின்றன. வீட்டில் செய்யும் வேலை அல்ல. மின்சாரத்தில் வைத்திருக்கும் நேரம் கூடக்கூட வாய்ப்பு குறையும்.

வெளிப்புற டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாகக் கணினியின் சாட்டா இணைப்பில் மாட்டும் ஆசையையும் கொஞ்சம் அடக்கவேண்டும். சில பெட்டிகளின் யுஎஸ்பி போர்டு, நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும், தரவை மறையாக்கம் செய்தே எழுதும். போர்டு இல்லாமல் படித்தால் குப்பைதான் தெரியும். சில பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 ஆக மாற்றிக் காட்டும். கழற்றினால் கணக்கெல்லாம் தப்பும்.

இமேஜ் எடுப்பது

மூல டிஸ்க்கில் நேரடியாக ஸ்கேன் ஓட்டக்கூடாது என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. முதலில் செக்டருக்கு செக்டர் நகல், பிறகு எல்லாச் சோதனையும் நகலில்.

இடக்கணக்கு பலரையும் ஏமாற்றும். 1 டிபி டிஸ்க்கின் இமேஜ் இன்னொரு 1 டிபி டிஸ்க்கில் ஃபைலாக அடங்காது. ஃபைல் சிஸ்டமே கொஞ்சம் இடத்தைத் தின்னும். மீட்ட ஃபைல்களுக்கும் இடம் வேண்டும். 1 டிபிக்கு 2 டிபி டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஃபேட்32இல் இருக்கக்கூடாது. 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை அது ஏற்காது.

நேரம்: யுஎஸ்பி 3இல் நொடிக்கு 100 எம்பி சராசரி என்றால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. யுஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டினால் எட்டு, ஒன்பது மணி நேரம். போர்ட்டின் நிறத்தைப் பார்த்து மாட்டுவது ஒரு ராத்திரியை மிச்சப்படுத்தும்.

லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. சிஸ்டம்ரெஸ்க்யூ இதற்கு ஏற்றது. டிஸ்க்கைத் தானாக மவுண்ட் செய்யாது, வேண்டிய கருவிகள் எல்லாம் உள்ளேயே இருக்கும். முதலில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 5, 197, 198 என்ற மூன்று எண்களின் மூல மதிப்பும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் நலம். 197 என்பது படிக்கமுடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அது நூற்றுக்கணக்கில் இருந்தால் இமேஜ் எடுப்பதே ஒரே வாய்ப்பாக இருக்கலாம், அந்த வாய்ப்பை ஸ்கேனில் வீணாக்காதீர்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இதே எண்களைக் காட்டும். மூல மதிப்பை அது ஹெக்ஸில் காட்டுவதைப் பார்த்துவிட்டுப் பயப்படவேண்டாம்.

பிறகு இமேஜ் எடுக்கும் கருவியான குனு டிடிரெஸ்க்யூ. அதற்குக் கொடுப்பது மூன்று: மூல டிஸ்க், இமேஜ் ஃபைல், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல். வரிசை இதுவேதான். மூலமும் இலக்கும் இடம் மாறினால் மீட்க வந்த தரவின் மேல் காலி டிஸ்க்கை எழுதிவிடுவீர்கள். டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் செருகும் வரிசைக்கு ஏற்ப மாறும். அதனால் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடல், சீரியல் எண், அளவு மூன்றையும் காட்டச்சொல்லிச் சரிபாருங்கள். மேப் ஃபைலைக் கொடுக்க மறந்தால், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கொடுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப்போகும் ஆப்ஷன், இரண்டாம் சுற்றில் மூன்று தடவை மறுமுயற்சி. நலமான டிஸ்க்கில் முதல் சுற்றே எல்லாவற்றையும் எடுத்துவிடும்.

டிஸ்க் டிக், டிக் என்று ஒலித்தாலோ வேகம் கேபி கணக்கில் இறங்கி அங்கேயே நின்றாலோ நிறுத்துங்கள். ஃப்ரீஸரில் வைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது போன்ற வைத்தியங்கள் லேப் கட்டணத்தை ஏற்றுவதோடு சரி. கடையில் கொடுப்பதானால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘முதலில் இமேஜ் எடுப்பீர்களா?’ மழுப்பினால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

இமேஜ் முடிந்ததும் அதைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். மூல டிஸ்க் அலமாரிக்குப் போகலாம்.

பெயரோடு மீட்கும் முயற்சி

தொலைந்த பார்ட்டிஷனைத் தேட கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் இலவசம். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் பூட் செக்டரின் பிரதி ஒன்று இருக்கும். இஎஸ்டி-யுஎஸ்பி தொட்டது முதல் 32 ஜிபியை மட்டும், ஆகவே டிஸ்க்கின் கடைசியில் இருக்கும் அந்தப் பிரதி தப்பியிருக்கும். டெஸ்ட்டிஸ்க் அதைப் பிடித்து, பழைய பார்ட்டிஷன் எங்கே தொடங்கியது, கிளஸ்டர் அளவு என்ன, எம்எஃப்டி எங்கே இருந்தது என்று சொல்லிவிடும். இந்தத் தகவலைக் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ‘ரைட்’ என்று கேட்கும் இடத்தில் கைவைக்காதீர்கள். பழைய பார்ட்டிஷனை மட்டும் திரும்ப நிறுவினால் எம்எஃப்டி இல்லாத என்டிஎஃப்எஸ் ஒன்று கிடைக்கும், அடுத்து விண்டோஸ் அதைச் செக்டிஸ்க்கால் ‘சரி’ செய்யக் கிளம்பும்.

பழைய ஃபைல்களைத் தேடும் ஸ்கேனுக்கு என் தேர்வு டிஎம்டிஇ என்ற மென்பொருள். இலவசப் பதிப்பிலேயே ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டரிலிருந்து 4,000 ஃபைல் வரை எடுக்கலாம், ஃபைல் அளவுக்கு வரம்பில்லை. ஆர்-ஸ்டூடியோ கட்டண மென்பொருள், ஆனால் சிக்கலான டிஸ்குகளில் நன்றாக உழைக்கும். இரண்டிலும் இமேஜைத் திறந்து முழு ஸ்கேன் கொடுங்கள். முடிந்ததும் ஸ்கேன் முடிவைச் சேமித்து வையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் இன்னொரு மூன்று மணி நேரம். மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியான விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி 2020இல் வந்தது. ஃபார்மட் ஆன டிஸ்க்குக்கு அதில் ‘எக்ஸ்டென்சிவ்’ முறை இருக்கிறது. ஆனால் அது டிரைவ் எழுத்தை எதிர்பார்க்கும், இமேஜில் நேரடியாக ஓடாது. அதனால் இந்த வேலைக்கு அவ்வளவு வாகானதல்ல.

ஸ்கேன் முடிந்ததும் பல பார்ட்டிஷன்கள் பட்டியலில் வரும். டிஸ்க் எத்தனை தடவை ஃபார்மட் ஆகியிருக்கிறதோ அத்தனை மிச்சங்களும் தெரியும். அளவும் தொடக்கமும் டெஸ்ட்டிஸ்க் சொன்னதோடு பொருந்துவதைத் திறங்கள். பெயர் தெரிவதைப் பார்த்துக் குதிக்கவேண்டாம். பெரிய படங்கள் நாலைந்தைத் திறந்து பாருங்கள். பெயர் சரியாக இருந்து உள்ளே குப்பை என்றால், தொடக்க செக்டரோ கிளஸ்டர் அளவோ தவறான பார்ட்டிஷனைத் திறந்திருக்கிறீர்கள். எல்லா ஃபைலும் ஒரே மாதிரி கெட்டிருப்பது இதன் அடையாளம். அங்கொன்றும் இங்கொன்றும் கெட்டிருந்தால் அது மேலெழுதப்பட்டதால் வந்தது, அதற்கு வழியில்லை.

எம்எஃப்டி முழுக்கப் போயிருந்தாலும் பெயர்கள் இன்னோர் இடத்தில் இருக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் கொஞ்சம் பெரிய ஃபோல்டர் ஒவ்வொன்றும் தன் பட்டியலை எம்எஃப்டிக்கு வெளியே 4 கேபி துண்டுகளாக வைத்திருக்கும். ஐ, என், டி, எக்ஸ் என்ற நான்கு எழுத்தோடு அவை தொடங்கும். அதில் ஃபைலின் பெயரும் தேதியும் பைட் கணக்கில் அளவும் உண்டு. இல்லாதது எந்தக் கிளஸ்டர் என்ற முகவரிதான். ஆகவே பெயரும் அளவும் ஒரு பக்கம், பெயரில்லாத ஃபைல் இன்னொரு பக்கம். 4,718,203 பைட் உள்ள படம் டிஸ்க்கில் ஒன்றே ஒன்று என்றால் இரண்டையும் சேர்த்துவிடலாம். ஜேபெக் போல முடிவு அடையாளம் உள்ள ஃபைல்களில் இது நடக்கும். பொறுமை இருப்பவர்கள், அல்லது சிறிய ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்கள், முக்கியமான ஃபோல்டர்களுக்கு மட்டும் இதைச் செய்யலாம். ஐந்தாறு ஃபைல் மட்டும் இருந்த குட்டி ஃபோல்டர்களின் பட்டியல் எம்எஃப்டிக்குள்ளேயே இருந்திருக்கும், அது போனது போனதுதான்.

பெயரில்லாமல் மீட்பது

ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க்கோடு சேர்ந்தே வரும். ஃபைல் சிஸ்டத்தையே பார்க்காமல், ஃபைலின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தோண்டும். ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டில் தொடங்கும் என்பது போல. இமேஜைத் தேர்ந்து, முழு டிஸ்க் என்று கொடுத்து, ஃபைல் சிஸ்டம் கேட்கும்போது எக்ஸ்ட் அல்லாத ‘மற்றவை’யைத் தேர்வு செய்யுங்கள்.

அதற்கு முன் ஃபைல் வகைப் பட்டியலில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வேண்டியதை மட்டும் டிக் செய்வது அவசியம். இல்லையென்றால் விண்டோஸ் செட்அப்பின் ஆயிரக்கணக்கான ஐகானும் டிஎல்எல்லும் வந்து குவியும். பட்டியலில் சில பெயர்கள் குடும்பமாக இருக்கும்: டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எல்லாம் ‘ஜிப்’ வகையில் வரும். எம்பி4 ‘எம்ஓவி’யில். கேனன், நிக்கான் ரா படங்கள் பலவும் ‘டிஃப்’ வகையில். இதை அறியாமல் டாக் மட்டும் டிக் செய்துவிட்டு ‘புது வேர்டு ஃபைல் ஒன்றுகூட வரவில்லை’ என்று புலம்புவது வாடிக்கை.

மீட்டவை 500 ஃபைலுக்கு ஒரு ஃபோல்டர் வீதம் வரும். பெயர் இருக்காது. எஃப் என்ற எழுத்தும் ஓர் எண்ணும்தான். அந்த எண்ணை வீணாக விடாதீர்கள், அது ஃபைல் தொடங்கும் செக்டர். ஒரே நாளில் நகலெடுத்த கல்யாணப் படங்கள் டிஸ்க்கில் அடுத்தடுத்துதான் உட்கார்ந்திருக்கும். எண் வரிசையில் அடுக்கினால் பழைய ஃபோல்டர்கள் கிட்டத்தட்ட தாமாகவே பிரிந்து நிற்கும். படங்களுக்கு எக்ஸிஃப்டூல் கொண்டு எடுத்த தேதி வாரியாக ஃபோல்டர் பிரிக்கலாம். எஃப்புக்குப் பதில் டி என்று தொடங்குபவை படத்துக்குள் பதிந்திருந்த குட்டிப் பிரதிகள். மூலப் படம் கிடைத்துவிட்டால் இவற்றை நீக்கலாம், கிடைக்காவிட்டால் முகம் பார்க்கவாவது உதவும்.

துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்த ஃபைல்கள்தான் இங்கே தோற்கும் இடம். படம் பாதி சரியாக, பாதி சாம்பல் நிறமாக வந்தால் காரணம் இதுவே. வீடியோ இன்னும் மோசம். எம்பி4இல் ‘மூவ்’ என்ற உள்ளடக்கக் குறிப்பை கேமரா பல நேரம் கடைசியில் எழுதும். அது வேறு துண்டில் போய்விட்டால் 2 ஜிபி வீடியோ இருந்தும் ஓடாது. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவிக்கு அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் பலவற்றை ஓடவைக்கும்.

டேலி போல, பல ஃபைல்கள் பெயர் மாறாமல் ஒரே ஃபோல்டரில் சேர்ந்திருந்தால்தான் திறக்கும் தரவுக்கு இந்த முறை ஏறக்குறைய பயனற்றது. அதற்குப் பெயரோடு மீட்டாகவேண்டும். அல்லது வேறெங்காவது கிடக்கும் பேக்கப்பைத் தேடவேண்டும். மெயிலில் ஆடிட்டருக்கு அனுப்பிய பழைய நகல்தான் பல நேரம் கைகொடுக்கும்.

தமிழ் ஃபைல்களுக்கு மட்டும்

என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ஃபேட்டும் பெயரை யுடிஎஃப்-16 என்ற யூனிகோடு முறையில் வைப்பதால் தமிழ்ப் பெயர்கள் சேதமில்லாமல் திரும்பும். ஆனால் லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க்கில் மீட்டால் ஒரு சிக்கல் உண்டு. அங்கே பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே 3. ‘தமிழ்’ என்ற சொல்லே 15 பைட் ஆகிவிடும். 85 குறிகளுக்கு மேல் போன பெயர்கள் வெட்டுப்படும், அல்லது அந்த ஃபைல் எழுதப்படாமலே தாண்டிப்போகும். பட்டியலில் இருந்த ஃபைல் இலக்கு டிஸ்க்கில் இல்லையே என்று தேடுவதைவிட, என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் மீட்பது நல்லது.

பழைய வேர்டு, பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறந்ததும் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் குழம்பித் தெரிந்தால் உடனே கெட்டுவிட்டது என்று நீக்கிவிடாதீர்கள். பாமினி, டேப், டேம் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்த எழுத்துருவை நிறுவினால் எழுத்து தெரியும்.

யூனிகோடில் அடித்த வெறும் டெக்ஸ்ட் ஃபைலுக்குத் தொடக்க அடையாளம் என்று எதுவும் கிடையாது, தோண்டும் கருவிகள் தவறவிடும். ஹெக்ஸ் எடிட்டரில் இமேஜைத் திறந்து, ஃபைலில் இருந்தது உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லை யுடிஎஃப்-8இல் தேடலாம். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ போல அரிதான சொல்லாக இருந்தால் நல்லது. தமிழ் எழுத்துகள் ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்ற இரட்டைப் பைட்டுகளில் தொடங்கித் தொடங்கி வருவதால், அந்த இடத்தைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். அங்கிருந்து முன்னும் பின்னும் தேர்ந்து நகலெடுத்தால் போதும்.

மீட்டவற்றை வேறு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்து, ஃபோல்டருக்குப் பத்துப் பதினைந்து ஃபைல் வீதம் திறந்து பார்த்த பிறகே மூல டிஸ்க்கைத் திரும்பப் பயன்படுத்தவேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 32 ஜிபி பார்ட்டிஷனை நீக்கிவிட்டு, முழு இடத்துக்கும் புதுப் பார்ட்டிஷன் போட்டால் பழைய 931 ஜிபியும் வந்துவிடும். அடுத்த தடவை விண்டோஸ் பென்டிரைவுக்கு ரூஃபஸ் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். யுஎஸ்பி ஹார்டு டிஸ்குகளைக் காட்டு என்று நீங்களாகச் சொன்னால் ஒழிய, அது அவற்றைப் பட்டியலிலேயே காட்டாது.